கடவுச்சொல்

ஐப்பசி 9, வியாழன்

வைஃபையில் பாடும் ஸ்பீக்கரை வீட்டில் இணைப்பது எப்படி என்று பெட்டிக்குள் வைக்க ஒரு தாளில் எழுதித் தரும்படி கடை முதலாளி சொன்னபோது, என் படிப்பு முதல்முறையாக உதவுகிறது என்று நினைத்தேன். இன்று ஜலகண்டாபுரத்து அம்மா ஒருவர் அந்த ஸ்பீக்கரைத் திருப்பிக் கொண்டுவந்தார். படுக்கையில் கிடக்கும் கணவருக்காக வாங்கியது. தான் தறிக்குப் போனபின் அவருக்கு அதுதான் துணை என்று வாங்கும்போதே சொல்லியிருந்தார்.

"தாளுல கடவுள் சொல்லைப் போடச் சொல்லுதுங்க. எங்க குலசாமி பேரப் போட்டேன், எடுக்கலீங்க. அவரு, உட்டுரு புள்ள, நமக்கெல்லாம் ஆகாதுன்னுட்டாரு."

"சாமிக்குக் கோவமாட்ட இருக்குதுங்க" என்றார் பில் போடும் அண்ணன். கடையே சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்தார்.

கடவுச்சொல் என்று எழுதியது நான். எங்கள் வீட்டிலும் பாஸ்வேர்டு என்றுதான் சொல்வோம். படித்தவள் எழுதியதாகத் தெரிய வேண்டும் என்று மாற்றினேன். அதை நான் சொல்லவில்லை. நேரில் வந்து போட்டுத் தருகிறேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

போகும்போது என் கையைத் தொட்டார். "எனக்குத்தான் படிப்பு இல்ல சாமி. நீயாச்சும் படிச்சயே."

ஸ்பீக்கர் மறுபடி அலமாரிக்குப் போய்விட்டது. அந்தத் தாளை அப்படியே மடித்துப் பெட்டிக்குள் திரும்ப வைத்ததும் நான்தான்.