கை நழுவின மெழுகுதிரி

தம்பி,

அதுக்காகச் சனத்துக்கு முன்னாலை பெத்த பிள்ளைக்கு அடிக்கிறதோ? மெழுகுதிரி கை நழுவினதாலை நேத்திக்கடன் பிழைச்சுப்போச்சாம்! சைவக்காரரா இருந்தும் தன்ரை மலைக்கோயிலுக்கு ஏறி வந்த எங்களிலை ரொசாலியா மாதா கோவிக்கேல்லை, நீதான் கொதிச்சனீ.

நீ திரும்ப மிலானுக்கு வேலைக்கு ரயிலேறின பிறகு உன்ரை மகளை டொக்டரம்மாவிட்டைக் கூட்டிக்கொண்டு போனனான். அவளுக்குச் சோம்பலுமில்லை, திமிருமில்லையாம். மூளை சொல்லுறது கைகாலுக்கு ஒழுங்காப் போய்ச் சேராதாம். எட்டு வயசிலையும் சட்டைத் தெறியை ஓட்டைக்குள்ளை விட்டுப் பூட்டத் தெரியாதது அதாலைதானாம். ஏசாமல், ஒவ்வொரு வேலையையும் துண்டு துண்டாப் பழக்கச் சொன்னவ. நேற்று மூண்டு தெறி தானாப் பூட்டினவள். முருகா எண்டு அழுதிட்டன்.

போனை எடுத்துப் பிள்ளையிட்டை மன்னிப்புக் கேள்.

கோவம் ஆறாத
உன்ரை அக்கா

இப்பதான் ஞாபகம் வருது: அப்பா அடிப்பாரெண்டு பயந்து, பத்தாம் வகுப்பு வரைக்கும் உன்ரை சப்பாத்து லேஸை நான்தான் ஒளிச்சுக் கட்டிவிட்டனான்.