மொட்டைக்கு ஒரு ஜாக்கெட்

மார்ச் 3, செவ்வாய்
இன்றும் கோழி வலைக்குள் ஒரு கைப்பிடி இறகு. நான்கு கோழிகளில் ஒன்றுக்கு முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு வழித்துவிட்ட மாதிரி இருக்கிறது. மொட்டை என்று பெயர் வைத்தாயிற்று. என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "உதிர்ற காலமா இருக்கும். தானா முளைச்சிடும்." தன் தலையைத் தடவிக்கொண்டே இதைச் சொன்னால் யார் நம்புவது?

மார்ச் 5, வியாழன்
நாத்தனார் போன். மாடி வீட்டுக்குக் குடிபோனபோது "கொஞ்ச நாள் வச்சிருங்க அண்ணி" என்று அவள் விட்டுப்போன கோழிகள்தான் இவை. "என் செல்லங்க எப்படி இருக்கு?" என்றாள். "அதுங்களுக்கென்ன, ஜம்முனு இருக்கு" என்றேன். வாய் கூசவில்லை.

மாதக் கடைசி ஞாயிறு வருகிறாளாம். அவள் ஆபீஸ் தோழிக்குத் தோட்டத்தோடு வீடு இருக்கிறதாம், கோழி கேட்கிறாளாம். "உங்களுக்கு முடியலைன்னா சொல்லுங்க, தூக்கிட்டுப் போயிடறேன்."

இந்தச் சனியன்களை யார் கேட்டது என்று முதலில் கத்தியவள் நான்தான். இப்போது? தையல் மிஷின் சத்தம் நின்றால் ஜன்னலுக்கு வெளியே வலைக்குள் நாலு தலையும் ஒரே பக்கம் சாய்கின்றன. கொடுக்கமாட்டேன். ஆனால் இந்த முதுகைப் பார்த்தால் அவள் ஒரு நிமிஷம் விட்டுவைப்பாளா?

மார்ச் 7, சனி
கொத்துவது யார்? சந்தேகம் ரவுடி மேல். கறுப்பு, கழுத்திலும் இறகு குறைவு, எப்போதும் கத்தல். பிடித்துக் கூடையைக் கவிழ்த்து மூடினேன். மகாராணி மட்டும் ஒரு இறகு கலையாமல் சமர்த்தாக என் கையிலிருந்து தானியம் தின்றது. அதற்கு இன்னும் ஒரு பிடி.

மார்ச் 8, ஞாயிறு
ரவுடி கூடைக்குள் இருக்கும்போதே புது இறகுகள் கிடக்கின்றன. போகட்டும். தையல்காரிக்கு என்ன கவலை? மொட்டைக்கு ஒரு ஜாக்கெட் தைத்துவிட்டேன். முதுகை மூட ஒரு துண்டு, இறக்கைக்கு அடியில் எலாஸ்டிக். மிஞ்சிப்போன சிவப்பு சாட்டின். ஓரமெல்லாம் லேஸ், நடுவில் வரிசையாக முத்துப் பட்டன். ஆசை யாரை விட்டது!

மார்ச் 9, திங்கள்
முத்து ஒன்றுகூட மிச்சமில்லை. பளபளப்பைக் கண்டதும் மற்றதெல்லாம் சேர்ந்து மொட்டை மேல் விழுந்திருக்கின்றன. ரத்தம். ஐயோ, பட்டன் யாருடி கேட்டா உன்கிட்ட? கோழிக்கு எதுக்கு லேஸு? உட்கார்ந்து அழுதேன். ஜாக்கெட் தைக்க வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அளவு கொடுக்காமலே போய்விட்டார்.

மார்ச் 10, செவ்வாய்
கால்நடை மருத்துவர் ஜாக்கெட்டைத் தூக்கிப் பார்த்து அடக்க முடியாமல் சிரித்தார். பிறகு மொட்டையைப் புரட்டிப் பார்த்து, "பேன் இல்ல. எவ்வளவு எடத்துல வச்சிருக்கீங்க?" என்றார். தக்காளி நட்டதிலிருந்து ஜன்னலோரம் வலைக்குள் அடைத்து வைத்திருப்பதைச் சொன்னேன்.

"அதுங்களுக்குப் பொழுது போகலம்மா. அதான் ஒன்னை ஒன்னு பிடுங்குது. எது உடம்புல இறகு முழுசா இருக்கோ, அதைக் கவனிங்க." புண்ணுக்கு மருந்து கொடுத்தார்.

மார்ச் 11, புதன்
மிஷினில் உட்கார்ந்தபடியே வேவு பார்த்தேன். மகாராணி! நிதானமாக நடந்து வந்து, மொட்டையின் இறகைப் பிடுங்கி, விழுங்கியும் விட்டது. கையும் களவுமாக, இல்லை, மூக்கும் களவுமாகப் பிடித்தேன். ரவுடியிடம் மன்னிப்புக் கேட்டேன். என் காலில் ஒரு கொத்து கிடைத்தது. நியாயம்தான்.

மார்ச் 12, வியாழன்
தக்காளியா, கோழியா?

மார்ச் 13, வெள்ளி
வலையைப் பிரித்துவிட்டேன். "அப்போ தக்காளி?" என்றார் வீட்டுக்காரர். "கடையில விக்குது." சாயங்காலத்துக்குள் என் செடிகளைத் துவம்சம் செய்துவிட்டன. பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் மண்ணைக் கிளறுகிற மும்முரத்தில் எதுவும் எதையும் கொத்தவில்லை. மகாராணிக்கு மட்டும் ஒரு வாரம் தனி அறை. போரடிக்காமல் இருக்க ஒரு முட்டைக்கோஸைக் கட்டித் தொங்கவிட்டேன். மொட்டைக்குப் பழைய பேண்ட் துணியில் சாம்பல் நிற ஜாக்கெட். பட்டன் கிடையாது.

மார்ச் 22, ஞாயிறு
மகாராணி வெளியே வந்து இரண்டு நாள். தரையில் இறகே இல்லை.

மார்ச் 28, சனி
மொட்டையின் முதுகில் முள் முள்ளாகக் குருத்து விட்டிருக்கிறது. ஆனாலும் மொட்டை மொட்டைதான். "ஜாக்கெட்டைக் கழட்டாதே, ஃபேஷன்னு சொல்லிடு" என்கிறார் இவர். சொல்லலாமா? நாளைக்கு வருகிறாள்.

மார்ச் 29, ஞாயிறு
ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினாள் நாத்தனார். பெட்டியைப் பார்த்ததும் மொட்டையைப் பிடித்து அவள் முன்னால் நிறுத்தினேன். நானே ஜாக்கெட்டைத் தூக்கிக் காட்டினேன். "நான்தான் அடைச்சு வச்சேன். இப்போ விட்டுட்டேன்."

அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மொட்டையைத் தூக்கப் போனாள். அது அலறியடித்து ஓடி வந்து என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. நாத்தனார் நீட்டிய கையோடு அப்படியே நின்றாள்.

"என் கையிலதான் தூங்கும் அண்ணி, முன்னெல்லாம்" என்றாள். கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் தோழியை வேற கோழி பாத்துக்கச் சொல்றேன். நான் அப்பப்போ வந்து பாத்துட்டுப் போகலாமா?" என்று கேட்டாள்.

"இதெல்லாம் ஒரு கேள்வியா? வாடி உள்ளே" என்றேன்.

மார்ச் 30, திங்கள்
அவள் பெட்டியை எடுத்துப்போகவில்லை. கொல்லைக் கதவோரம் கிடந்தது. காலையில் எடுத்து வைக்கப் போனால், ரவுடி உள்ளே ஏறி உட்கார்ந்து முட்டையிட்டிருக்கிறது.