அம்மாவின் கைக்குக் கத்தி வேண்டுமா

அன்பு மகள் யாகோடாவுக்கு, நீயும் மாப்பிள்ளையும் வியன்னாவில் சுகம்தானே. இங்கே நான் நன்றாக இருக்கிறேன், மாடுகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன, அம்மாவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். போனில் சொல்லலாம் என்றால் அவள் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள், அதனால் இதை வியன்னா பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் கொட்டில் வாசலில் பனி உறைந்து கிடந்ததில் அம்மா வழுக்கி விழுந்து, வலது மேற்கை எலும்பு தோளுக்குக் கொஞ்சம் கீழே முறிந்துவிட்டது. பயப்படாதே என்று எழுத வேண்டும், ஆனால் நானே பயந்துபோய்த்தான் இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் வேண்டாம், கழுத்திலிருந்து துணி கட்டிக் கையைத் தொங்கவிட்டால் தானாகவே கூடிவிடும் என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என் வாலிபத்தில் இதற்கு மாவுக்கட்டுப் போட்டார்கள், பிறகு பார்த்தால் எல்லாருக்கும் தகடு வைத்துத் திருகாணி முடுக்கினார்கள், உன் அத்தை தன் தகட்டுத் தழும்பைக் கல்யாண வீட்டில்கூடக் காட்டிப் பீற்றிக்கொண்டாளே. இப்போது வெறும் துணியா என்று கேட்டேன். அந்த டாக்டருக்கு உன் வயதுதான் இருக்கும், பொறுமையாகவே சொன்னார். தகடு வைத்தவர்களையும் வைக்காதவர்களையும் பல நாடுகளில் வருஷக்கணக்காகக் கவனித்தார்களாம், வயதானவர்களுக்குப் பெரும்பாலும் கை ஒரே மாதிரிதான் தூக்க வருகிறதாம், அதனால் கத்தி எடுப்பதைக் குறைத்துவிட்டார்களாம். எலும்புத் துண்டு ரொம்ப விலகினால்தான் தகடு, மூட்டே நொறுங்கினால் செயற்கை மூட்டு என்றார்.

இதைப் பக்கத்து வீட்டு மிலோமிரிடம் சொன்னேன், அவன் தலையில் அடித்துக்கொண்டான். வெறுங்கையோடு போனால் எந்த டாக்டர் கத்தியைத் தொடுவான் என்று திட்டினான். எனக்கும் அது சரி என்றே பட்டது. திங்கட்கிழமை மறுபடி படம் எடுக்கப் போகும்போது, ஈஸ்டருக்கென்று புகைபோட்டு வைத்திருந்த பன்றித் தொடையையும் ஒரு குப்பி பிளம் சாராயத்தையும் எடுத்துப் போனேன். அம்மா படம் எடுக்க உள்ளே போனபோது டாக்டரிடம் நீட்டினேன். வேண்டாம் மாமா என்றார், வேண்டவே வேண்டாம் என்றார், நான் விடவில்லை, கடைசியில் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பிறகு புதுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். துண்டு கொஞ்சம் விலகியிருக்கிறது, வெள்ளிக்கிழமை ஆபரேஷன் பண்ணிவிடலாம் என்றார்.

அன்றிலிருந்து இதையேதான் யோசிக்கிறேன். நிஜமாகவே விலகியது எலும்பா, இல்லை என் தொடையைப் பார்த்து விலகியது டாக்டரின் மனசா? பித்தப்பை ஆபரேஷனில் அம்மா மயக்கம் தெளியாமல் கிடந்ததும் நாம் இருவரும் வராந்தாவில் அழுததும் உனக்கு மறந்திருக்காது. ஒரு பன்றித் தொடைக்காக அவளை மறுபடி அந்த மேசையில் படுக்கவைப்பதா? பண்ணாமல் விட்டு அவளுக்குக் கை தூக்கவே வராமல் போனால்? இப்போதே அவள் தலையை நான்தான் பின்னிவிடுகிறேன், கயிறு முறுக்குவது போலப் பின்னுகிறேன் என்று ஏசுகிறாள். மிலோமிரோ, கேட்டது கிடைத்துவிட்டது, இன்னும் என்ன புலம்பல் என்கிறான்.

நேற்று அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. "எலும்பு கேட்டா அறுத்துக்கிறேன். தொடை கேட்டா அறுத்துக்க மாட்டேன். எது கேக்குதுன்னு நீயே போய்த் தெரிஞ்சுக்கிட்டு வா" என்றாள்.

ஆகவே நாளைக் காலை போய் அந்தத் தொடையைத் திரும்பக் கேட்கப் போகிறேன். நம் மலையில் பகையாளிக்குக் கொடுத்ததைக்கூட யாரும் திரும்பக் கேட்டதில்லை, இனி என்னோடு ஒரே மேசையில் குடிக்கமாட்டேன் என்று மிலோமிர் எழுந்து போய்விட்டான். போகட்டும். அதைக் கையில் வாங்கிக்கொண்டு, இப்போது சொல்லுங்கள் டாக்டர், அறுக்க வேண்டுமா என்று கேட்பேன். அப்போதும் வேண்டும் என்றால் நம்பிவிடுவேன்.

கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும், நடைபாதையில் பனி கிடந்தால் உப்புத் தூவிவிட்டு இறங்கு. வெள்ளிக்கிழமைக்கு லீவு கேட்டு வை, என்ன ஆனாலும் அவள் பக்கத்தில் நீ இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

உன் அப்பா,
விடோயே