மேகலா, உன் நட்சத்திரம் தனியாக இல்லை

என் செல்ல அம்மிணி மேகலா,

நேற்று நீ படித்த பள்ளிக்கூடத்தில் நடந்ததை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்கு வேலை ஓடாது. கீழே நம் பனியன் கம்பெனியின் நிட்டிங் மெஷின்கள் சத்தமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. நான் ஆபீஸ் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கட்டும். நாங்கள் செய்தது சரியா தப்பா என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

நீ போன அதிர்ச்சியே எங்களுக்கு இன்னும் தெளியவில்லை, தெரியுமா? தீபாவளிக்கு ஊருக்கு வந்தவள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இதே அறையில், இதோ இந்த எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாய். “அண்ணா, தலை என்னமோ பண்ணுது” என்றாய். தண்ணீர் எடுக்கத் திரும்பினேன். மறுபடி உன் பக்கம் பார்த்தபோது நீ மேஜைமேல் சாய்ந்திருந்தாய். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். நாற்பதுகூட ஆகாத பெண்ணுக்கு அப்படி வெடிக்குமா என்று கேட்டேன். “வெடிக்குமுங்க” என்றார்.

நீ என்ன வேலை பார்த்தாய் என்பது நம் தெருவுக்குக் கடைசிவரை புரியவே இல்லை. “எக்ஸ்ரே ஆராய்ச்சி” என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிவைத்ததில், நீ லீவுக்கு வரும்போதெல்லாம் எதிர்வீட்டு மாமா ஆஸ்பத்திரிக் கவரோடு வந்து நின்றுவிடுவார். ஒருமுறை நீயும் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “எனக்கு இது தெரியாதுங்க மாமா, நான் பாக்கறது வானத்துல இருந்து வர்ற எக்ஸ்ரேங்க” என்றாய். “வானத்துக்கு என்ன அம்மிணி நோவு?” என்று கேட்டாரே, அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பு!

எனக்கு மட்டும் கொஞ்சம் புரிய வைத்திருந்தாய். நம் சூரியனைவிடப் பல மடங்கு எடையுள்ள நட்சத்திரங்கள் இருக்கின்றன, நீலமாகக் கொதிப்பவை. அவற்றின் வெளிச்சத்துக்கு அவ்வளவு வலு. அந்த வெளிச்சமே மேற்பரப்பில் இருக்கும் வாயுவைத் தள்ளிக்கொண்டு போய் வெளியே வீசும். அதைத்தான் நட்சத்திரக் காற்று என்கிறோம் என்றாய். எல்லா வாயுவும் ஒரே வேகத்தில் போகாது. வேகமாக வருவது முன்னால் மெதுவாகப் போவதைப் பின்னாலிருந்து இடிக்கும். இடித்த இடம் பல லட்சம் டிகிரிக்குச் சூடாகி எக்ஸ் கதிரை வீசும். அந்த இடிக்குப் பெயர் அதிர்ச்சி அலை. பூமியின் காற்று மண்டலம் அந்தக் கதிரைத் தடுத்துவிடுவதால், விண்வெளியில் சுற்றும் தொலைநோக்கியால்தான் அதைப் பார்க்க முடியும். “அதனால நான் ராத்திரி முழிச்சிருக்க வேண்டியதே இல்லம்மா, பகல்ல கம்ப்யூட்டர்ல பார்த்துக்கலாம்” என்று அம்மாவைச் சமாதானப்படுத்தினாய்.

பிறகு உன் நட்சத்திரம் வந்தது. வாயில் நுழையாத எண்தான் அதற்குப் பெயர். இருக்கவேண்டிய அளவைவிட அது அதிகமாக எக்ஸ் கதிர் வீசியது. பக்கத்தில் இன்னொரு நட்சத்திரம் ஒளிந்திருக்கிறது, இரண்டின் காற்றும் நடுவில் மோதிக்கொள்கின்றன என்று சிலர் சொன்னார்கள். நீ இல்லை என்றாய். அது தனி நட்சத்திரம்தான், அதற்குப் பலமான காந்தப்புலம் இருக்கிறது, இரண்டு துருவங்களிலிருந்தும் கிளம்பும் காற்றை அது வளைத்து நடுவில் மோதவிடுகிறது, அந்த மோதலே போதும் என்று எழுதினாய். வெளிநாட்டில் போய் மேடையேறிச் சண்டை போட்டாய். நம் அத்தை வரும்போதெல்லாம் கல்யாணப் பேச்சை எடுப்பாரே, அவரிடம்கூட, “என்ற நட்சத்திரம் ஒண்டியா இருந்துட்டே எத்தனை பண்ணுது பாருங்க அத்தை” என்றாய். அத்தைக்குக் கோபம். அம்மாவுக்கு மட்டும் உள்ளூரப் பெருமை.

அந்தப் பெருமையில்தான் இது தொடங்கியது. உன் பள்ளியில் உன் பெயரில் ஓர் அறிவியல் அறை கட்டினோம். நானும், உன்கூடப் படித்தவர்களும், பனியன் கம்பெனி வைத்திருக்கும் பெரியவர்கள் சிலரும் சேர்ந்து செய்தது. வாசலில் ஒரு கருங்கல் பதித்தோம். ‘மாபெரும் நட்சத்திரம் ஒன்று தனித்தே எரிகிறது என்று உலகுக்கு நிறுவிய நம் மாணவி’ என்று அதில் வெட்டச் சொன்னது நான். அம்மா அதைத் தடவித் தடவிப் பார்த்தார்கள்.

திறந்துவைக்க ஜெசியைக் கூப்பிட்டோம். உன்னோடு ஒரே வீட்டில் தங்கி, ஒரே ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவளைவிட யாரைக் கூப்பிடுவது? முந்தாநாள் கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு நானே கார் எடுத்துப் போனேன். அவிநாசி தாண்டும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. உன் நினைவு போல என்று நானும் பேசாமல் ஓட்டினேன்.

வீட்டுக்கு வந்து காப்பியைக் கையில் வாங்கியவள் குடிக்காமல் கீழே வைத்தாள். “அண்ணே, நாளைக்கு மேடையில என்னைப் பேசச் சொல்லாதீங்க” என்றாள்.

“ஏம்மா?”

“அந்த நட்சத்திரத்தைப் பாக்க மேகலா கேட்டிருந்த தொலைநோக்கி நேரம் அவ போன பிறகுதான் கிடைச்சுது. அந்த டேட்டா வந்துட்டு. நாங்க எல்லாரும் திரும்பத் திரும்பப் பாத்துட்டோம்.” என் முகத்தை நேராகப் பார்த்தாள். “அவ சொன்னது தப்பு அண்ணே. அங்க ரெண்டு நட்சத்திரம் இருக்கு.”

அவள் சொல்லிக்கொண்டே போனாள். துணை நட்சத்திரம் நீள்வட்டப் பாதையில் எங்கோ தூரம் போய்விட்டு, எப்போதாவது ஒருமுறை மிக அருகில் வருகிறதாம். அருகில் வரவர எக்ஸ் கதிர் ஏறிக்கொண்டே போனதாம். சட்டென்று விழுந்ததாம். பெரிய நட்சத்திரத்தின் அடர்ந்த காற்றுக்குள் போனதும் கதிரெல்லாம் விழுங்கப்பட்டு, ஏறக்குறைய ஒன்றுமே இல்லாமல் போனதாம். துணை சுற்றி வெளியே வந்ததும் கதிரும் திரும்ப வந்துவிட்டதாம். தனி நட்சத்திரம் இப்படிச் செய்யவே செய்யாது என்றாள்.

எனக்கு வந்தது கோபம். செத்துப்போனவள் பதில் சொல்ல முடியாத நேரமாகப் பார்த்து இதைச் சொல்ல வந்தாயா என்று கேட்டே விட்டேன். “நாளைக்கு ஒரு நாள் இதை விடும்மா. விழா முடியட்டும்” என்று கெஞ்சவும் செய்தேன்.

“நான் சும்மா இருந்துக்கிடுதேன். ஆனா அந்தக் கல்லுல எழுதினதை என் வாயால வாசிக்க மாட்டேன் அண்ணே. அவளே வாசிக்க விடமாட்டா.”

அம்மா சமையலறைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். எப்போது வந்தார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று இருந்த அதே முகம். ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தேன். என் கையை விலக்கிவிட்டு ஜெசியிடம் கேட்டார்கள்:

“ஏங் கண்ணு, அப்ப அதுக்கும் தொணை இருந்துச்சா?”

“இருந்திருக்கு அம்மா.”

“என்ற பொண்ணுக்குத்தான் தெரியாமப் போச்சா?”

அம்மா ஜெசி பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். “அவளுக்கு? அவளுக்கு அங்க யாராச்சும் இருந்தாங்களா?” என்றார்கள்.

“நான் இருந்தேம்மா” என்றாள் ஜெசி. “காய்ச்சல்ல கஞ்சி வைக்க, சண்டை போட, சாயங்காலம் கூட நடக்க. நான் இருந்தேன்.”

அம்மா அதன்பிறகு அவள் கையை விடவே இல்லை. மேகலா, உன்னைப் பற்றி அம்மாவுக்கு இருந்த பயம் இதுதான் என்று எனக்கு முந்தாநாள்தான் தெரிந்தது. பெருமைக்கு அடியில் இவ்வளவு பயம் இருந்ததா? நீ அறிவாயா?

நேற்றுக் காலை தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன். “பந்தல் போட்டாச்சு, பெரியவங்க வந்துட்டு இருக்காங்க, பதிச்ச கல்லை இப்ப என்னங்க பண்றது?” என்றார். கல்லை மூடியிருந்த துணியை யாரும் விலக்காமல் விழாவை முடித்துவிடலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டோம்.

அம்மா அதற்கு விடவில்லை. பொன்னாடை போர்த்தியதும் இறங்கிவிடுவார்கள் என்று பார்த்தால், நேராக மைக்கிடம் போனார்கள். நம் அம்மா! சொந்தக்காரர் கல்யாணத்தில்கூட நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவர்.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. அந்தக் கல்லு மேல இருக்கற துணிய எடுக்க வேண்டாமுங்க. அதுல எழுதியிருக்கறது தப்புன்னு நேத்துத்தான் தெரிஞ்சுதுங்க. என்ற பொண்ணு தப்பாச் சொல்லிப்போட்டாளுங்க. அவ இருந்திருந்தா அவளே வந்து சொல்லியிருப்பா. அவ இல்லீங்க. அதனால நான் சொல்றனுங்க.”

முன்வரிசையில் இருந்த மில் முதலாளி ஒருவர் எழுந்தார். “ஏனுங்க, தப்புன்னா அப்பறம் எதுக்குங்க அந்தப் புள்ள பேருல ரூம்பு? எங்களையெல்லாம் எதுக்குங்க கூப்பிட்டீங்க?” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

ஜெசி தானாக எழுந்து அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். “நான் சொல்லுதேன் ஐயா. துணை எந்த நாள்ல பக்கத்துல வரும்னு மத்தவங்க கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தாங்க. மேகலா கணக்குப்படி அந்த நாள்ல ஒண்ணுமே நடக்கக் கூடாது. அதனால அந்த நாளையே தொலைநோக்கிக்கு எழுதிக் கேட்டா. ‘எதுக்குட்டி வம்பை விலைக்கு வாங்குத, வேற நாள் கேளு’ன்னு நான் சொன்னேன். ‘நான் தப்புன்னா அன்னைக்குத்தான் தெரியும், அன்னைக்கே பாக்கணும்’னா. அவ கேட்காம இருந்திருந்தா இன்னைக்கும் யாருக்கும் தெரியாது. எங்களுக்கு உண்மை தெரிஞ்சது அவளாலதான்.”

அந்தப் பெரியவர் “என்னமோங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். விழா முடிந்ததும் சாப்பிடாமல் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? எனக்கே இன்னும் மனசு ஒப்பவில்லை.

கல்லை இன்று காலை கொத்தனார் பெயர்த்து எடுத்துவிட்டார். அறை திறந்துதான் இருக்கிறது. அதன் கதவுக்கு மேல் உன் பெயர் மட்டும் பெயிண்டில் இருக்கிறது, போதும் என்றார்கள் அம்மா.

ஒன்று கேட்கட்டுமா? அந்த டேட்டா உன் கண்முன்னால் வந்திருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? அழுதிருப்பாயா? எனக்கு போன் போட்டு, “அண்ணா, மோசம் போயிட்டேன்” என்றிருப்பாயா? இல்லை, கதிர் சட்டென்று விழுந்த அந்த இடத்தைப் பார்த்துச் சந்தோஷத்தில் கத்தியிருப்பாயா? நீ கத்தியிருப்பாய் என்கிறாள் ஜெசி. எனக்குத் தெரியவில்லை. உன்னை எனக்கு முழுதாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இந்த இரண்டு நாளில் அதுவும் போய்விட்டது.

ஜெசியை இன்று மத்தியானம் அனுப்பிவைத்தோம். கிளம்பும்போது அம்மா அவளுக்குத் தலைவாரிப் பின்னி, பூ வைத்து, “அது மறுக்கா எப்பக் கண்ணு கிட்ட வரும்?” என்று கேட்டார்கள். சில வருடம் ஆகும் என்றாள். “அப்ப நானும் வாரேன்” என்றார்கள் அம்மா, பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போவதுபோல.

கூட்டிக்கொண்டு போவேன் மேகலா. அந்த இரண்டும் நெருங்குகிற நாளில் கம்பெனியைச் சாத்திவிட்டு, அம்மாவோடு உன் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய், ஜெசி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். திரையில் கதிர் ஏறும்போது இது ஏறுகிறது என்று அம்மாவுக்குச் சொல்வேன். அது விழும்போது பயப்படாதீங்க அம்மா, திரும்ப வரும் என்றும் சொல்வேன். இது சத்தியம்.

உன்கூடப் பிறந்தவன்,
சண்முகம் அண்ணன்