ஒரு டியூனர், இரண்டு அலைவரிசை

அப்பாவுக்கு வணக்கம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது, அம்மா மாத்திரை போடுகிறாளா என்று முதலில் எழுதுங்கள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

போன வாரம் துறைமுக அலுவலகத்தில் சின்னக் கைகலப்பு. ஒரு அலைவரிசையில் புயல் எச்சரிக்கை, இன்னொன்றில் கப்பல் வரவு. எங்களிடம் இருப்பதோ ஒரே ரேடியோ டியூனர். எந்தத் தகவலும் இரண்டு தரம் வரும். ஒன்றைப் பிடித்ததும் அடுத்ததற்குத் தாவி, விட்டதை மறுதரத்தில் பிடித்துக்கொள்வேன்.

புயல் எச்சரிக்கையிலிருந்து நான் குமிழைத் திருப்பியதைக் கிரேன் மேஸ்திரி பார்த்துவிட்டார். "என் ஆளு உச்சியில நிக்கிறான், உனக்குக் கப்பலா பெருசு?" என்று ஸ்பானரால் காதோடு சேர்த்து அடித்தார். கப்பல் வரவுக்காகக் காத்திருந்த படகுக்காரர் ஒருவர் பாய்ந்து அவர் மூக்கை உடைத்தார். நாற்காலி பறந்தது, ஜன்னல் நொறுங்கியது. மேசைக்கடியிலிருந்து ரத்தக் கையால் குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். இரண்டு தகவலும் வந்தன. ஆளும் பத்திரமாக இறங்கினான். மேஸ்திரிதான் அழுதுகொண்டே என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்.

காதை மூடும் குல்லா ஒன்று அனுப்புங்கள், அம்மாவே பின்னியதாக.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது. ஞாயிறு போன் செய்கிறேன். இடது காது கொஞ்சம் மந்தம், இரண்டு பேரும் சேர்ந்து பேசாதீர்கள். எதையும் இரண்டு தரம் சொல்லுங்கள். முதல் தரம் உங்கள் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன்.