மேஸ்திரியின் கால்

என்னை இடுப்பில் வைத்து வளர்த்தவளே, என் அக்கா,

உன் கிடாவைக் கங்கம்மா ஆத்தாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். மேஸ்திரி இனிமேல் இல்லை. வேறு யாராவது உன்னிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அங்கே யார் வந்து சொல்லப்போகிறார்கள் என்கிறாயா? அதுவே உன் வாசலில் வந்து நிற்கிறதோ என்னவோ.

நீ குவைத்துக்குப் போனபோது அது தாய் செத்த குட்டி. ரப்பர் போட்ட பாட்டிலில் நீதான் பால் கொடுத்தாய். நாம் நாற்று நடும்போது வரப்பில் முன்னும் பின்னும் நடந்து வேலை வாங்குகிற மாதிரி பார்க்கும். மேஸ்திரி என்று பேர் வைத்தவளும் நீதான். "நான் நல்லபடியா திரும்பி வந்தா இத உனக்கே குடுக்குறேன் கங்கம்மா" என்று அதன் நெற்றியில் மஞ்சள் தடவிவிட்டுக் காரில் ஏறினாய்.

நீ நல்லபடியாக வரவில்லை. மெட்ராஸ் ஏர்போர்ட்டிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகப் பொட்டியில் வந்தாய். மாடியிலிருந்து விழுந்துவிட்டாள் என்று வேலை செய்த வீட்டில் சொன்னார்களாம். ஏஜெண்டு சொன்னான். விழுந்த உன்னை யார் தூக்கினார்கள், எப்படித் தூக்கினார்கள், தூக்கும்போது உனக்கு உயிர் இருந்ததா? யாரிடம் கேட்பது?

அப்புறம் கிடாவை என்ன செய்வது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. வேண்டுதல் பலிக்கவில்லை, ஆத்தாவுக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்றார்கள் சிலர். நேர்ந்துவிட்டதை விற்கவும் கூடாது, தின்னவும் கூடாது என்றார்கள் சிலர். அந்த இழுபறியில் அது பிழைத்துக் கிடந்தது. என் வீட்டுக் கதவில் முதுகைச் சாய்த்துத் தூங்கியது. காலண்டரைத் தின்றது. நான் திட்டினால் காதை மட்டும் ஆட்டியது.

தடா பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் பஸ் ஒன்று காலையில் அதை அடித்துவிட்டது. பஸ் நிற்கவில்லை. ஜன்னலில் இரண்டு பெண்கள் தலையை நீட்டி 'ஐயோ' என்றது மட்டும் கேட்டது. நான் ஓடிப் போய்ப் பார்த்தால் முன்னங்கால் முட்டிக்குக் கீழே மடங்கிக் கிடக்கிறது. காது கிழிந்து ரத்தம். எழுந்து எழுந்து விழுகிறது.

எனக்கு முன்னால் மாமா வந்துவிட்டார், உன் புருஷன். கையில் கத்தி.

"உசுரு போறதுக்குள்ள அறுத்துடணும். செத்துப்போச்சின்னா நாய்க்குத்தான்."

பின்னால் பெரிய கூட்டம். எதிர்வீட்டு ஏழுமலை சிரிக்கிறான். "எனக்கு ஒரு கூறு எடுத்து வை மாமா. தலை மட்டும் வேணாம், குண்டான்ல கூட அது என்னியே மொறச்சிக்கினு இருக்கும்."

நான் முந்தானையை எடுத்து அதன் கண்ணை மூடினேன். கண்ணை மூடினால் ஆடு அடங்கும். காதில் துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஒருவன் வாயில் தண்ணீர் ஊற்ற வந்தான், தட்டிவிட்டேன். படுத்துக் கிடப்பதற்குத் தண்ணீர் ஊற்றினால் நெஞ்சுக்குள் போய்விடும். இன்னொருத்தன் காலைப் பிடித்து இழுத்து நேராக்கப் பார்த்தான். அவன் கையைக் கடிக்கலாமா என்று இருந்தது எனக்கு.

மாமா கத்தியோடு குனிந்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. "இது கங்கம்மாது!" என்று கத்தினேன். "எங்க அக்கா நேர்ந்து உட்டது. எல்லாரும் கேட்டுக்குங்க, இது கங்கம்மாது. கைய வச்சீன்னா உன் வம்சம் தழைக்காது மாமா!"

கூட்டம் பின்வாங்கியது. ஏழுமலை கூட வாயை மூடினான்.

"ஊனமானத ஆத்தா வாங்கமாட்டாமே" என்றார் மாமா.

"வாங்கலைன்னா போவுது. உன் வயித்துக்கும் போவாது."

அன்றைக்கு நான்தான் ஜெயித்தேன் அக்கா. ஊரே பார்த்துக்கொண்டிருக்க ஜெயித்தேன்.

பழைய கதவுப் பலகையை அதன் பக்கத்தில் போட்டு, சாக்கோடு சேர்த்து மெதுவாக நகர்த்தி ஏற்றினோம். காலை இருந்த வாக்கிலேயே விட்டு, பழைய புடவைத் துணியைச் சுற்றி, தென்னை மட்டையை இரண்டு பக்கமும் வைத்துக் கட்டினேன். ஷேர் ஆட்டோவில் பிச்சாட்டூர் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். "காலு லாகொத்தம்மா, லாகொத்து" என்று டாக்டர் தூரத்திலிருந்தே தெலுங்கில் கத்திக்கொண்டு வந்தார். காலை இழுக்காதே என்கிறார். நான் இழுக்கவில்லை என்று காட்டினேன். ஊசி போட்டு, எலும்பைச் சேர்த்து, பஞ்சு சுற்றி, மூங்கில் பிளாச்சு வைத்துக் கட்டினார். ஒருக்களித்தே கிடந்தால் வயிறு உப்பிச் செத்துவிடும், நெஞ்சை ஊன்றி உட்கார வை, கட்டு ஈரமாகாமல் பார்த்துக்கொள், குளம்பு சூடாக இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார் என்றார். சில்லிட்டுப் போனால் கட்டு இறுகிவிட்டது என்று அர்த்தமாம்.

எல்லாம் செய்தேன். இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டையை அணைவாக வைத்து உட்கார வைத்தேன். அகத்திக் கீரையை வாய்க்குக் கொண்டு போய்க் கொடுத்தேன். நடவுக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. "ஆட்டுக்குப் பிள்ளப்பேறு பாத்துக்கினு கீறா" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். கட்டுப் பிரித்த அன்று காலைக் கீழே வைக்க பயந்தது. மறுநாள் வைத்தது. பிறகு கொஞ்ச நாள் நொண்டியது. அப்புறம் ஒருநாள் என் குடத்தைத் தள்ளிவிட்டு வாசல் முழுக்க ஓடியது பார், நான் உன் பேரைச் சொல்லி அழுதேன்.

நான் கட்டி, டாக்டர் சேர்த்த கால் அவ்வளவு சுத்தமாகக் கூடிவிட்டது. அந்தப் பாவிக் காலைக் கொஞ்சம் கோணலாகச் சேர விட்டிருக்கக் கூடாதா நான்?

உன் மகள் சுமதியைக் கம்பெனியில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். கான்ட்ராக்ட் முடிந்ததாம். மாமா அவளுக்கு விசா எடுத்துவிட்டார். எங்கே என்று கேட்காதே, நீ போன அதே ஊர்தான். அவர் என் வாசலில் வந்து நின்று கிடாவை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்ப ஊனம் ஒண்ணும் இல்லையே."

நான் கிடாவுக்கு முன்னால் போய் நின்றேன்.

"நீதானமே சொன்ன, கங்கம்மாதுன்னு. நாலு பேரு கேட்டுக்கினுதான இருந்தாங்க. ஜாத்திரைக்குக் குடுத்துடலாம்."

நான் சுமதியிடம் ஓடினேன். அவள் சொன்னால் கேட்பார் என்று நினைத்தேன். பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அம்மா குடுக்காம போச்சி சின்னம்மா. வந்து குடுக்குறேன்னு ஆத்தாவுக்கே கடன் சொல்லிட்டுப் போச்சி. எப்படி வந்துதுன்னு பாத்தீல்ல? நான் குடுத்துட்டுத்தான் போவேன்."

"அது உங்கம்மா பால் குடுத்து வளத்ததுடி."

"எனக்கும்தான் குடுத்துது. நான் பொட்டியில வரணுமா?"

நான் வந்த வழியே திரும்பினேன்.

ஜாத்திரை அன்று கோவிலில் பூசாரி, கால் ஒடிந்த கதை கேள்விப்பட்டு, "நடக்க வுட்டுக் காட்டு, நொண்டுனா ஏத்துக்கமாட்டேன்" என்றார். மாமா கயிற்றைப் பிடித்து இழுத்தார். அது நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. ஏழுமலை பின்னால் தள்ளினான், நகரவில்லை. "நீ முன்னால நடமே, உன் பின்னாலதான வரும்" என்றார் மாமா. நான் நடக்கவில்லை. வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரே ஒரு எட்டு நொண்டிவிடு சாமி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். பூசாரி வேண்டாம் என்று தலையை ஆட்ட ஆரம்பித்தார். தப்பித்தது என்று நினைத்தேன்.

அப்போது சுமதி முன்னால் போய் நின்று, "மேஸ்திரீ... வாய்யா" என்று கூப்பிட்டாள்.

அக்கா, அது உன் குரல். அச்சு அசல் உன் குரல். கிடா காதை நிமிர்த்தியது. அப்புறம் அவள் பின்னாலேயே நேராக, ஒரு குறையும் இல்லாமல், கோவிலைச் சுற்றி நடந்து வந்தது. மஞ்சள் தண்ணீர் ஊற்றியதும் சிலிர்த்தது. ஆத்தா ஒத்துக்கொண்டாள் என்று குலவை போட்டார்கள்.

எனக்கும் ஒரு கூறு வந்தது. முன்னங்கால். எலும்பில் விரல் வைத்துப் பார்த்தேன், ஒடிந்த இடத்தில் கெட்டியாக ஒரு முடிச்சு. அடிபடாத இடத்தைவிட அந்த இடம்தான் உறுதியாக இருந்தது. கொல்லையில் புதைத்துவிட்டேன். சுமதி தின்றாளா என்று கேட்காதே. பிரசாதம் அது, தின்னாமல் இருக்க முடியுமா?

அவள் போய்விட்டாள். ஆட்டோவில் ஏறும்போது, "இனிமே ஒண்ணும் ஆவாது சின்னம்மா" என்று என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். அவள் முகத்தில் பயமே இல்லை. அந்த முகத்துக்காக ஒரு கிடாவைக் கொடுக்கலாம் என்று ஒரு நிமிஷம் எனக்கும் தோன்றியது. ஒரு நிமிஷம்தான்.

உனக்கு ஒன்று சத்தியமாகச் சொல்கிறேன். உன் மகள் திரும்பி வருவதற்கு நான் எந்த உயிரையும் நேர்ந்துவிடமாட்டேன். அவள் கை ஒடிந்து வரட்டும், கால் ஒடிந்து வரட்டும், புத்தி கலங்கி வரட்டும், உயிரோடு வந்தால் போதும். ஊனமானது என்று சொல்லி எவனும் கிட்டே வர விடமாட்டேன். காலை இழுக்காமல், அசைக்காமல் கட்டி, என் வீட்டில் உட்கார வைத்துக்கொள்வேன். அவள் நன்றாக நடக்க ஆரம்பித்த பிறகு மாமா மறுபடி விசாவோடு வந்து வாசலில் நிற்பார். அன்றைக்கு யாருடையது என்று கேட்டால், ஆத்தா பேரைச் சொல்லமாட்டேன். என்னுடையது என்று சொல்வேன்.

உனக்குப் பின்னால் பிறந்த தங்கச்சி,
தேசம்மா