கலங்க வேண்டிய தண்ணீர்

18-06-2025, புதன். ஆனி 4.

காலை மேகமூட்டம். மழை இல்லை. ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் நேற்று வரவேண்டிய முறை, வரவில்லை. ஆகவே எல்லாவற்றுக்கும் ஆழ்துளைக் கிணற்று நீர். கழுவிய கண்ணாடி எதுவாயினும் காய்ந்ததும் வெள்ளைப் படலம்.

மருமகள் மாலதி (இனி மா.) மாலை 6.40 பேருந்தில் கல்லூரியிலிருந்து திரும்பினாள். முகம் சரியில்லை. 11-ஆம் தேதி மூன்றாம் மாதிரியும் தோல்வியானது முதல் இப்படித்தான்.

அவளுடைய ஆராய்ச்சி, எனக்கு விளங்கிய மட்டில்: சர்க்கரை மூலக்கூறுகள் ஏழு கைகோத்த வளையம். அதன் ஒரு விளிம்பில் எண்ணெய்த் தன்மையுள்ள வால்கள். மறு விளிம்பு நீரை விரும்புவது. நீரில் இட்டால், வால்கள் நீரைவிட்டு ஒதுங்கி ஒன்றையொன்று நாடும். யாரும் அடுக்காமலே வளையங்கள் இரட்டைச் சுவராக அமைந்து, கண்ணுக்குத் தெரியாத பைகளாகும். உள்ளே மருந்து வைக்கலாம். பைகள் உருவானால் தண்ணீர் இலேசாக நீலம் பாய்ந்து கலங்கும். மார்ச்சில் இருமுறை கலங்கிற்று. அதன்பின் மும்முறை தெளிவாகவே நிற்கிறது.

வழிகாட்டிப் பேராசிரியர் தொலைபேசியில். குரல் கூடம் வரை கேட்டது.

"பொருளே கெட்டுப்போச்சும்மா. திங்கக்கிழம வரைக்கும் பாரு. இல்லன்னா தலைப்ப மாத்திக்கலாம்."

தலைப்பை மாற்றினால் மூன்றாண்டு உழைப்பு வீண். மா. இரவு சாப்பிடவில்லை.

19-06-2025, வியாழன்.

வெயில். செய்யவேண்டியவை:
1. மூக்குக் கண்ணாடிக்குத் திருகு.
2. ஓய்வூதியர் சங்கத்துக்குக் கடிதம் (இரண்டாம் நினைவூட்டல்).
3. மா.வின் குப்பிகள், 14.

ஏப்ரல் முதல் கல்லூரி ஆய்வகக் குழாயில் நீர் இல்லை. குப்பிகளை இங்குக் கொண்டுவந்து வெந்நீரில் கழுவிக் கவிழ்க்கிறாள். படலம் தங்கிவிடுகிறது. பார்க்கச் சகிக்காது. ஆகவே அவள் அறியாமல் நான் ஒருமுறை தேய்த்து வைப்பது வழக்கம். சொல்லவேண்டிய காரியம் என்று தோன்றியதில்லை.

மனைவி சரோஜா: "ஊரு பாட்டிலெல்லாம் தேய்க்கிறீங்க. குடிச்ச காபி டம்ளரு மட்டும் அங்கியே கெடக்குது."



மாலை, சமையற்கட்டில் இருவரும். நான் கூடத்தில் செய்தித்தாளுடன்.

சரோஜா: "ஒருபக்கம் எண்ணெய், ஒருபக்கம் தண்ணின்ற. நம்ம சோப்பும் அப்பிடித்தானே?"

மா.: "அதேதாங்க அத்த. ஆனா சோப்பு துளி பட்டாப் போதும், பையெல்லாம் ஒடச்சிடும். அதான் எங்க லேப்ல சோப்பே உள்ள விடறதில்ல."

சற்று நேரம் கழித்து: "மிச்சப் பொருள நாளைக்குக் கொட்டிடப் போறேங்க அத்த. பாக்கவே பிடிக்கல."

செய்தித்தாளின் அதே வரியில் வெகுநேரம். பிறகு இந்த நாட்குறிப்பின் பழைய பக்கங்களைப் புரட்டினேன்.

06-04, ஞாயிறு: மா.வின் குப்பிகள் 12. பாத்திரச் சோப்பு, இருமுறை. பளபளப்பு திருப்தி. மா. வைத்த ரசம் நீர்த்திருந்தது.
09-04: மா.வுக்குத் தோல்வி.
11-05, ஞாயிறு: குப்பிகள் 10. சோப்பு.
14-05: தோல்வி.
08-06, ஞாயிறு: குப்பிகள் 12. சோப்பு.

மேலே படிக்கவில்லை.

20-06-2025, வெள்ளி.

4.50-க்கு விழிப்பு. 7.15 பேருந்துக்குள் சொல்லியாக வேண்டும். முப்பத்தைந்து ஆண்டு அரசுப் பணியில் என்மீது ஒரு குறிப்பாணை இல்லை.

6.30. மா. செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். தேதி வரிசைப்படி சொன்னேன். நின்றபடியே.

"எந்தச் சோப்புங்க மாமா?"

"பச்சைக் கட்டி."

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஸ்பிரிட் விட்டு நாலஞ்சு தடவ அலசணும். கம்மியா இருக்குதுன்னு நானும் ஒரு அலசு அலசிட்டு விட்டுட்டேன். எட்டு மாசமா செஞ்ச பொருளுங்க மாமா. பத்து மணிக்குக் கொட்டியிருப்பேன்."

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன்.

"அந்த டைரியக் குடுங்க. சாருக்குக் காட்டணும். போட்டோ எடுத்துக்கறேன்."

தனிப்பட்ட குறிப்புகள் உள்ளன என்றேன். அதற்குள் வாங்கிவிட்டாள். படித்தாள்.

"ரசம் தண்ணியாவா இருந்துச்சு?"

சரோஜா உள்ளிருந்து: "இருந்துச்சு இருந்துச்சு. சொல்ல இவருக்குத் தெம்பில்ல, எழுதி வெச்சிருக்காரு."

மா. சிரித்தாள். ஒன்பது நாளுக்குப் பின். 7.15 போய்விட்டது, 7.40-இல் ஏறினாள்.

21-06-2025, சனி.

தூறல். மா. கல்லூரியில். புதுக் குப்பிகள். பொருளைக் கரைத்து, ஆவியாக்கி, குப்பிச் சுவரில் மெல்லிய படலமாக்கியிருப்பதாகத் தகவல். நீர் விடுவது திங்கள் காலை. கலங்கினால் சேலத்துக் கருவியில் பைகளை அளந்து பார்ப்பார்களாம். நான் எதையும் தொடவில்லை.

22-06-2025, ஞாயிறு.

எழுத ஒன்றுமில்லை. இருமுறை குளித்தேன்.

23-06-2025, திங்கள். ஆனி 9.

வெயில், காற்று. பாப்பாரப்பட்டிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். 10.55-க்கு மா. அழைப்பு. காது மந்தமாதலால் ஒலிபெருக்கியில் வைத்தேன்.

"மாமா, வந்திருச்சுங்க. நீலமாக் கலங்கியிருக்குது. டார்ச் அடிச்சா வெளிச்சம் கோடாட்டம் தெரியுது. சாரும் பக்கத்துலதான் நிக்கிறாரு. தலைப்பு மாத்த வேணாம்னு சொல்லிட்டாரு. சேலத்துக்கு இன்னிக்கே எடுத்துட்டுப் போறோம்."

நல்லது என்றேன். கத்தரிக்காய்க் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காய்க்கார அம்மாள் தராசை இறக்கிவிட்டு என்னையே பார்த்தார். "உங்க மருமவளுங்களா? நல்ல சேதிதானுங்களே. பையனா, பொண்ணுங்களா?"

சேலத்தில் அளந்து பார்த்துச் சொல்வார்கள் என்றேன்.